அப்பாரு தோட்டத்துக் கரண்டுக்குக் கடன் வாங்குனது யாருங்க?

காங்கயத்துப் பேரன்:
வணக்கமுங்க. நான் மினசோட்டாவுல டவுனுக்கு வெளியே குடியிருக்கேன். இங்க கரண்டு பில்லு ஒரு கூட்டுறவுச் சங்கத்து பேருல வருது. வீட்டுக்காரப் பெரியவர்கிட்ட விசாரிச்சேன். 1935-ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராமத்துக்குக் கரண்டு குடுக்கறதுக்குன்னே ஒரு ஆபீஸ் திறந்தாராம், மறு வருசம் சட்டமே வந்துச்சாம். அப்ப பத்துப் பண்ணைக்கு ஒண்ணுலதான் கரண்டு. தனியார் கம்பெனிக்காரங்க கட்டுபடியாகாதுன்னு காட்டுப்பக்கமே வரல. அரசாங்கம் கடன் குடுக்க, குடியானவங்களே ஆளுக்கு 5 டாலர் போட்டுச் சங்கம் வெச்சு லைன் இழுத்துக்கிட்டாங்க. 1949-ல போனுக்கும் இதே கடனுன்னு சட்டத்தைத் திருத்துனாங்களாம்.

எங்க அப்பாரு, தாத்தாவுங்க, 1974 வரைக்கும் மாடு பூட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கற கவலை ஓட்டுனவரு. பொறவு 5 எச்.பி. மோட்டாரு. அந்த லைனுக்குப் பணம் யாருதுன்னு போன்ல கேட்டா, "ஈபிக்காரன் இழுத்தான், அவ்வளவுதான் சாமி"ங்கறாரு. நம்ம பக்கமும் இப்படிக் கடன் இருந்துச்சுங்களா?

ஓய்வுபெற்ற போர்மேன், கோபி:
இருந்துச்சு தம்பி. ஆனா உங்க அப்பாருக்குத் தெரிய வழியில்லை, கையெழுத்துப் போட்டது அவரில்லையே.

நம்ம சீமைக்கு 1932-லயே நீலகிரி பைகாரா நீர்மின் நிலையத்துக் கரண்டு வந்துருச்சு. முதல்ல கோயமுத்தூர் மில்லுக. தோட்டங்காடுக்கு மெதுவாத்தான் வந்துச்சு. 1969-ல டெல்லியில ஊரக மின்மயமாக்கல் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, நாங்க ஆர்.இ.சி.ம்போம். அமெரிக்காக் கோதுமைய வித்து இங்க சேர்ந்த ரூபாயில ஒரு பங்கும் அதோட மூலதனத்துல உண்டு. அது மின்வாரியத்துக்குக் கடன் குடுக்கும், வாரியம் லைன் இழுக்கும். எந்த ஊருக்கு எத்தனை பம்பு செட்டு, எத்தனை வீடு, வருமானம் எவ்வளவு தேறும்னு கணக்குக் காட்டினாத்தான் ஸ்கீம் பாசாகும். நம்ம பக்கம் காட்டுக்கு ஒரு கெணறு, அதுவும் அறுபது எழுவதடி. கணக்குக் காட்டறதுக்கு நாங்க சிரமப்பட்டதே இல்லை. நான் 1978-ல வேலைக்குச் சேர்ந்தப்ப எஸ்டிமேட் பைலு மேலயே ஆர்.இ.சி.ன்னு எழுதியிருக்கும். கம்பத்தைக் காளை வண்டியில ஏத்திக்கிட்டுப் போய், வரப்பு மேல ஆளு தோள் குடுத்து நட்டிருக்கோம்.

சங்கம் வெச்சும் பார்த்தாங்க. இப்பத்தைய தெலங்கானாவுல சிரிசில்லா, கர்நாடகாவுல ஹுக்கேரின்னு நாட்டுல அஞ்சு எடத்துல முதல்ல ஆரம்பிச்சாங்க. நம்ம மாநிலம் அதுல இல்லை.

அமெரிக்காவுல கடன் வாங்குனவன் குடியானவன், அதனால லைனு அவனுது. இங்க கடன் வாரியத்துது, லைனும் வாரியத்துது. குடியானவனுக்கு ரேட்டு மட்டுந்தான் கண்ணுல பட்டுது. 1970-ல யூனிட்டுக்கு ஒரு பைசா ரெண்டு பைசா ஏத்துனதுக்கு மூண்ட போராட்டத்துல பெருமாநல்லூர்ல மூணு பேர் குண்டடி பட்டுச் செத்தாங்க. 1984-ல சிறு விவசாயிக்கு இலவசம், 1990-ல எல்லாருக்கும். கடனைப் பத்தி எந்தத் தோட்டத்துலயும் யாரும் எங்கிட்டக் கேட்டதில்லை.

வெள்ளக்கோயில் மருமக:
அண்ணா, போனுக்கு அந்தக் கதையே கிடையாதுங்க. அப்ப இங்க போன் முழுக்க அரசாங்கத் துறை. நாமதான் அதுக்கு முன்பணம் கட்டிட்டுக் காத்திருக்கோணும்னு இருந்துச்சு. எங்க மாமனார் எழுதிக் குடுத்து ஆறு வருசம் கழிச்சு வந்துச்சு. வந்த அன்னைக்குக் கருவிக்குப் பொட்டு வெச்சோம். ஒரு எழவுச் சேதி சொல்லோணும்னாலும் அதுக்கு முன்ன போஸ்டாபீசுல டிரங்க் கால் போட்டுட்டுத் திண்ணையில உக்காந்திருப்போம். 2002-ல ஒரு நிதி ஆரம்பிச்சாங்க: கம்பெனிக வருமானத்துல நூத்துக்கு அஞ்சு பிடிச்சு, கிராமத்துப் போனுக்குக் குடுக்கறது. அது மானியமுங்க, கடனில்லை. அதுக்குள்ள எங்கூருல செல்போன் டவரே வந்துருச்சு.

காங்கயத்துப் பேரன்:
அப்ப அப்பாரு சொல்ற "மோட்டார் லோனு" எதுங்க? ஒரு பழைய பாஸ்புக்கு இருக்குது, பேங்குக்காரங்க ஜப்தி பண்ண வந்த கதையும் சொல்லுவாரு.

ஓய்வுபெற்ற போர்மேன், கோபி:
அது வேற தம்பி. கெணறு வெட்ட, மோட்டார் வாங்க நிலவள வங்கி குடுத்த கடன். காட்டை அடமானம் வெச்சு வாங்கறது. கம்பம் வரைக்கும் வாரியத்தோட கடன், கம்பத்துலிருந்து இந்தப்பக்கம் உங்க அப்பாரோட கடன்.

இப்ப அதுவும் மாறிப்போச்சு. தட்கல்ங்கற அவசர இணைப்புத் திட்டத்துல 5 எச்.பி.க்கு ரெண்டரை லட்சம் ரொக்கமாக் கட்டுனவன் வரிசையில முந்துனான். கடன் குடுத்து இழுத்த காலம் போய், முன்பணம் வாங்கி இழுக்கற காலம்.

அந்தப் பாஸ்புக்கு பத்திரமா இருக்கட்டும். மோட்டார் ரூமுல மீட்டர் பலகைக்குப் பின்னால சர்வீஸ் நம்பர் பெயிண்ட்ல எழுதியிருக்கும், அப்பாரைப் பார்த்துச் சொல்லச் சொல்லு. எந்தப் பிரிவுன்னு தெரிஞ்சா, அந்த லைன் இழுத்த கேங்குல எங்க ஆளு யாராச்சும் இருக்காங்களான்னு விசாரிக்கறேன்.