பிறந்த தேதிதான் கடவுச்சொல்லா?

கோமதி: மகனின் பள்ளி இணையதளத்தில் சேர்க்கை எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் மதிப்பெண் வருகிறது. முகவரிப் பட்டையின் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டினேன். வேறொரு பிள்ளையின் பக்கம் திறந்துகொண்டது. புகைப்படம், ரத்தப் பிரிவு, அப்பாவின் கைபேசி எண், பஸ் ஏறும் நிறுத்தம், எல்லாம் இருந்தன. அலுவலகத்தில் சொன்னால், "இதுவரை யாரும் புகார் செய்யவில்லையே" என்கிறார்கள்.

வலைத்தச்சன்: பதறாதீர்கள். இத்தகைய தளங்களைக் கட்டிக்கொடுப்பவன் நான். அரசுப் பொதுத்தேர்வு முடிவே பதிவெண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால்தான் திறக்கிறது. தனிக் கடவுச்சொல் வைத்தால் பாதிப் பேர் மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போன் செய்வார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணைத் திருடி எவன் என்ன செய்யப்போகிறான்?

சேகர்: மதிப்பெண்ணை விடுங்கள், பஸ் நிறுத்தத்துக்குப் பதில் சொல்லுங்கள். 2015இல் விடெக் என்ற ஹாங்காங் பொம்மை நிறுவனத்திடமிருந்து 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெயரும் பிறந்த தேதியும் களவு போயின. அவை பெற்றோர் கணக்கோடு இணைந்திருந்ததால் எந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது வரை தெரிந்தது. 2018இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு அந்த நிறுவனம் கட்டியது வெறும் 6.5 லட்சம் டாலர்.

வலைத்தச்சன்: அது பன்னாட்டு நிறுவனம். சிறிய பள்ளிக்கு ஓடிபி வைத்தால் எஸ்எம்எஸ் செலவை யார் கொடுப்பது?

கோமதி: ஓடிபி யார் கேட்டார்கள்? உள்ளே வந்தவர் யார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் சரிபார்த்தால் எண்ணை மாற்றினாலும் திறக்காது. அதற்கு எஸ்எம்எஸ் எதற்கு?

வலைத்தச்சன்: அந்த ஓட்டைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது கட்டியவரின் சோம்பல். பிறந்த தேதி போதும் என்றுதான் சொன்னேன்.

சேகர்: அதுவும் போதாது. ஒரே வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் பிறந்தவர்கள். ஓர் ஆண்டுக்கு 365 தேதிகள். தவறான முயற்சிகளுக்குப் பூட்டு விழாத தளத்தில் ஒரு சின்ன நிரலுக்குச் சில நிமிட வேலை.

நஸ்ரீன்: கோமதி, இனி அந்த எண்ணை மாற்றிப் பார்க்காதீர்கள், அனுமதியின்றி நுழைந்ததாக உங்கள் மீதே பழி வரும். நடந்ததை எழுத்தில் கொடுங்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை தண்டம்.

வலைத்தச்சன்: சிறிய பள்ளி மீது 250 கோடியா? நடக்கிற காரியமா?

நஸ்ரீன்: 'வரை' என்றுதானே எழுதினேன். சரி, மதிப்பெண் பக்கத்தில் ரத்தப் பிரிவுக்கு என்ன வேலை? சேர்க்கைப் படிவத்தை அப்படியே ஏற்றிவைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் பூட்டு உடைந்தாலும் கசிவதற்கு அதிகம் இருக்காது.

வலைத்தச்சன்: அடையாள அட்டை அச்சடிக்கப் பள்ளிகள் கேட்கின்றன.

நஸ்ரீன்: அச்சடித்ததும் அழித்துவிடலாமே?

வலைத்தச்சன்: அழிக்கச் சொல்லி எந்தப் பள்ளியும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

கோமதி: சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அங்கே கேட்கிறேன்.