ஃபாரஸ்ட்டின் சீசன் பட்டியல்: உங்களை இன்னும் விடாத வரி எது?

ட்ரென்ட்பாலம்

நானே ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டின் சீசன் வாரிப் பட்டியலைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் வரமாட்டீர்கள், அதனால் பயிற்சியாளர்கள் கிளஃப், டெய்லர், ஐரோப்பியக் கோப்பை ஜெயித்த மியூனிக், மாட்ரிட் எதையும் விளக்கப்போவதில்லை.

நாட்டிங்ஹாமில் என் வேலையிடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பந்தயம் ஒன்றுக்காக அந்தப் பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். டீ கப்போடு வந்து குனிந்து பார்த்தார். எல்லோரும் முதலில் 1979-ஐத்தானே தேடுவார்கள்? இவர் விரல் நேராகக் கீழே 1987-88-க்குப் போனது. லீக்கில் 3-ஆம் இடம், எஃப்.ஏ. கப்பில் அரையிறுதி. அதற்கு அடுத்த வரி 1988-89. லீக்கில் 3-ஆம் இடம், எஃப்.ஏ. கப்பில் அரையிறுதி. இரண்டு தடவையும் எதிரணி லிவர்பூல், இரண்டு தடவையும் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம்.

"இரண்டுக்கும் போயிருந்தேன்" என்றார். முதல் வருடம் 2-1 என்று தோற்று, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்களாம். இரண்டாவது 1989 ஏப்ரல் 15. எதிர்முனையில் நின்றிருந்த ஃபாரஸ்ட் கூட்டத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. லிவர்பூல் ரசிகர்கள் வேண்டுமென்றே மைதானத்துக்குள் இறங்குகிறார்கள் என்று நினைத்து இங்கிருந்து கூச்சல் போட்டிருக்கிறார்கள். விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி அதில் ஆட்களைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோதுதான் கூச்சல் நின்றதாம். கூட்ட நெரிசலில் இறந்தது 97 பேர். ஆறு நிமிடத்தில் நிறுத்திய ஆட்டத்தை மே 7-ஆம் தேதி ஓல்ட் டிராஃபோர்டில் திரும்ப ஆடினார்கள், லிவர்பூல் 3-1.

பட்டியலில் அதற்கும் 'அரையிறுதி', முந்தின வருடத்துக்கும் 'அரையிறுதி'. பெரியவர் வேறெதுவும் சொல்லாமல் கப்பைக் கழுவப் போய்விட்டார். ஒரு வார்த்தையாவது நான் பேசியிருக்கலாம், என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. சரி, உங்கள் வரியைச் சொல்லுங்கள்.

பினாங்குக்காரன்

இதற்குப் பிறகு என்னுடையதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இடம் மாமாக் சாப்பாட்டுக் கடை, நள்ளிரவு தாண்டி. எங்கள் மேசையில் எப்போதும் லிவர்பூல் ஆட்கள்தான் அதிகம். அதில் ஒருவன், "லீக்கை ஒரே ஒரு தடவை வாங்கின கிளப்புக்கு ஐரோப்பியக் கோப்பை இரண்டா? பெரிய டீம் எதையும் சந்திக்காமல் லக்கில் வாங்கியிருப்பார்கள்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாயே திறக்கவில்லை. போனில் பட்டியலை எடுத்து 1978-79 வரியைக் காட்டினேன். முதல் சுற்று, லிவர்பூல், 2-0, 0-0. அதற்கு முந்தின இரண்டு வருடமும் கோப்பை யாரிடம் இருந்ததோ அவர்களை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பிய வரி!

போனை வாங்கினான். மேலே தள்ளினான், கீழே தள்ளினான். பிறகு பையனைக் கூப்பிட்டு பில் கேட்டான். எனக்கு இன்னும் பாதி தே தாரிக் டீ மீதி இருந்தது.

அந்த சீசனில் கோப்பைக்காக ஃபாரஸ்ட் ஆடியது 9 ஆட்டம், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அரையிறுதியில் கொலோன் நாட்டிங்ஹாமுக்கு வந்து 3-3 எடுத்துவிட்டுப் போனபோது கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஜெர்மனியில் போய் இயன் போயர் தலையால் முட்டி 1-0.

ஆஃப்சைடு அண்ணாச்சி

பினாங்குத் தம்பி, 9 ஆட்டம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதே கோப்பைதான் இன்றைக்கு சாம்பியன்ஸ் லீக், அதில் லீக் சுற்று மட்டுமே 8 ஆட்டம், அதற்கப்புறம்தான் நாக் அவுட். அந்தக் காலத்துக் கோப்பையையும் இந்தக் காலத்துக் கோப்பையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். குறைத்துச் சொல்லவில்லை, வேறு சமாச்சாரம் என்கிறேன்.

என் அனுபவம் சின்னது. அலுவலகத்தில் ஒரு குவிஸ். ஃபாரஸ்ட் எத்தனை முறை இங்கிலாந்து சாம்பியன் என்று கேள்வி. நான் ஒன்று என்றேன். விடைத்தாளில் இரண்டு என்று இருந்தது. குவிஸ் நடத்தியவர் பட்டியலைக் காட்டி, "இதோ பாருங்கள் சார், 1977-78 ஃபர்ஸ்ட் டிவிஷன் சாம்பியன், 1997-98 ஃபர்ஸ்ட் டிவிஷன் சாம்பியன்" என்றார். பரிசு வேறு டீமுக்குப் போனது. பரிசு ஒரு டிஃபன் பாக்ஸ்தான், ஆனாலும் எரிச்சல் போகவில்லை.

அதனால் புதிதாகப் பட்டியல் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். டிவிஷன் பெயரை நம்பாதீர்கள், அது எத்தனையாவது அடுக்கு என்று பாருங்கள். 1992-ல் பிரீமியர் லீக் வந்ததும் இரண்டாவது அடுக்குக்கு ஃபர்ஸ்ட் டிவிஷன் என்று பெயர் மாறிவிட்டது. 2004-ல் அதுவே சாம்பியன்ஷிப் ஆனது, மூன்றாவது அடுக்கு லீக் ஒன் ஆனது. ஆக 1997-98-ல் ஃபாரஸ்ட் ஜெயித்தது இரண்டாவது அடுக்கை. அடுத்தது புள்ளி. 1981-82-க்கு முன்னால் வெற்றிக்கு 2 புள்ளிதான். 1977-78-ல் 64 புள்ளியோடு சாம்பியன், லிவர்பூலைவிட 7 அதிகம். வெற்றிக்கு 3 புள்ளி ஆன பிறகு 1988-89-லும் அதே 64 புள்ளி, ஆனால் 3-ஆம் இடம். 25 வெற்றி, 14 டிரா, 3 தோல்வி என்ற அந்த 1977-78 கணக்கை இன்றைய முறையில் கூட்டினால் 89 வரும். ஆட்டங்கள் 42 என்பதையும் மறக்காதீர்கள்.

பட்டியலில் ஐரோப்பியப் போட்டிக்கான கட்டத்தில் கோடு போட்டிருந்தால் உடனே தகுதி பெறவில்லை என்று எழுதிவிடாதீர்கள். 1985-லிருந்து 1990 வரை ஹேசல் மைதானத்தில் ரசிகர் கலவரத்தில் பலர் இறந்த சம்பவத்தால் இங்கிலாந்து கிளப்புகளுக்கே தடை. ட்ரென்ட்பாலம் சொன்ன அந்த இரண்டு 3-ஆம் இடத்துக்கும், 1989, 1990 லீக் கப்புகளுக்கும் எதிரே கோடுதான் இருக்கும். 1996-97-க்கு அப்புறம் வரும் கோடுகள் வேறு, அவை நியாயமாகச் சம்பாதித்தவை. இன்னொன்று, 1979-ஆம் வருட ஐரோப்பிய சூப்பர் கப். பார்சலோனாவோடு ஆடியது 1980 ஜனவரி, பிப்ரவரியில். 1979-80 வரியில்தான் போட வேண்டும். 1978-79-ல் போட்டு வைத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

பினாங்குக்காரன்

அண்ணாச்சி, நான் அவன் பில் கேட்ட கதையைச் சொன்னேன். நீங்கள் சிலபஸ் எடுத்துவிட்டீர்கள்.

பிரசெல்ஸ் பக்கம்

எனக்கு 1983-84. ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கப் அரையிறுதி, எதிரணி பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட்.

வேலையில் என்னோடு இருந்த பெல்ஜியக்காரர் ஆண்டர்லெக்ட் வெறியர். ஒருநாள் பழைய காலத்தைக் கதைத்துக்கொண்டிருந்தபோது அவர் தன் கிளப்பின் பட்டியலைக் கணினியில் திறந்தார். நான் பக்கத்தில் ஃபாரஸ்ட்டின் பட்டியலைத் திறந்தேன். அவருடையதில் 1983-84: இறுதி ஆட்டம். என்னுடையதில் 1983-84: அரையிறுதி. ஆட்டம் ஒன்றுதான். சொந்த மைதானத்தில் 2-0, அங்கே போய் 0-3.

அந்த 0-3-இல் பெல்ஜியக்காரர்களுக்கு ஒரு பெனால்டி. கடைசி நேரத்தில் பால் ஹார்ட் முட்டிய கோலை ரெஃப்ரி செல்லாது என்றார். எல்லோரும் பார்த்தது. 1997-ல்தான் விஷயம் வெளியே வந்தது. முன்னாள் தலைவரான தன் தகப்பன் அந்த ரெஃப்ரிக்குக் கடன் என்ற பெயரில் பணம் கொடுத்ததை ஆண்டர்லெக்டின் அப்போதைய தலைவரே ஒப்புக்கொண்டார். ரெஃப்ரி குருசேட்டா முரோ அதற்குப் பத்து வருடம் முன்பே கார் விபத்தில் இறந்திருந்தார். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ அந்த கிளப்புக்கு ஒரு சீசன் தடை போட்டது, விளையாட்டு நடுவர் மன்றம் அந்தத் தடையையும் நீக்கிவிட்டது.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை அந்த மனுசன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இறுதி ஆட்டத்தில் டாட்டனமிடம் பெனால்டியில் தோற்றோம், அந்த வலி உனக்குத் தெரியாது" என்றார். எனக்கு வந்த கோபம்! ஆனால் அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே அவருக்கு அதுதான் வலி. அண்ணை, நீங்கள் அடுக்கு, புள்ளி, கோடு எல்லாம் சொன்னீர்கள். பணம் கொடுத்து வாங்கின 'இறுதி'க்கு என்ன குறி போடுவது?

ராத்திரிமேட்ச்

2006-07. யோவில்.

தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். தெரியாதவர்களுக்கு: ஐரோப்பியக் கோப்பையை வென்ற பிறகு மூன்றாவது அடுக்குக்கு இறங்கிய முதல் கிளப் ஃபாரஸ்ட்தான். அங்கே, மேல் அடுக்குக்கு ஏறுவதற்கான பிளே ஆஃப் அரையிறுதியில் யோவில் ஊருக்குப் போய் 2-0 ஜெயித்துவிட்டு, சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 2-5. டிவியில் கிடையாது, நெட்டில் ஸ்கோர் மட்டும்தான் ஓடும். ரீஃப்ரெஷ் அடிக்க அடிக்க ஏறியது எதிர் நம்பர். ஒரு கட்டத்தில் பக்கம்தான் கெட்டுப்போய்விட்டது என்று நம்பி பிரவுசரை மூடித் திறந்தேன். திறந்ததும் இன்னொரு கோல்.

அடுத்த வருடம் கடைசி நாள் அதே யோவிலை 3-2 என்று ஜெயித்து இரண்டாவது இடம், மேலே ஏறினார்கள். பட்டியலில் '2, பிரமோஷன்' என்று பச்சை நிறத்தில் இருக்கிறது. எனக்கு அந்தப் பச்சை ஆறுதலாகவே இல்லை.

கடைசிபெஞ்ச்

எனக்கு 2019-20-இன் '7', இரண்டாவது அடுக்கில் 7-ஆம் இடம். கடைசி ஆட்டத்தில் ஸ்டோக்கிடம் 1-4, அதே நேரம் ஸ்வான்சி ரெடிங்கில் 4-1. இரண்டு பேருக்கும் 70 புள்ளி, கோல் வித்தியாசத்தில் பிளே ஆஃப் போச்சு. ஐந்து கோல் வித்தியாசம் ஒரே நாளில் புரண்டது. ஹாஸ்டல் அறையில் நான் லேப்டாப்பை மூடினதைப் பார்த்து ரூம்மேட், "யாராவது செத்துட்டாங்களா?" என்றான்.

அப்புறம் 2024-25. அதுவும் '7'. ஆனால் இது பிரீமியர் லீக், 65 புள்ளி, எஃப்.ஏ. கப் அரையிறுதி, 1995-96-இல் பேயர்னிடம் 1-2, 1-5 என்று வெளியேறிய பிறகு முதல் முறையாக ஐரோப்பா. ஒரே எண், ஒன்றைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது, ஒன்றைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஆஃப்சைடு அண்ணாச்சி

அதைத்தான் நானும் சொன்னேன், அடுக்கைப் பாருங்கள் என்று. யாரும் படிக்கவில்லை.

பிரசெல்ஸ் தம்பி, உங்கள் கேள்விக்கு: 'இறுதி'யை மாற்ற முடியாது, ஆடியது ஆடியதுதான். கீழே அடிக்குறிப்பு போடலாம். போட மாட்டார்கள்.

ட்ரென்ட்பாலம்

அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்துங்கள். குறி போட்டால் சரியாகிவிடும் என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை. ஹில்ஸ்பரோவுக்கும் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் அதைப் படிக்கக் குனியவில்லை.

கோல்கிக்

சண்டை வேண்டாம். எனக்கு நடைமுறைச் சந்தேகம் ஒன்று இருக்கிறது.

என் பெண்ணுக்குப் பதினோரு வயது, 2022-ல் ஹடர்ஸ்ஃபீல்டை 1-0 ஜெயித்து மேலே வந்ததிலிருந்து ஃபாரஸ்ட் ரசிகை. சுவரில் சார்ட் ஒட்டி அவளே பட்டியல் எழுதுகிறாள். 2022-23: 16, 38 புள்ளி. எழுதிவிட்டாள். 2023-24-ல் நின்றுவிட்டாள். செலவுக் கணக்கு விதியை மீறியதற்கு 4 புள்ளி பிடித்தார்களே, அதில் 32 ஆனது. "ஆடி எடுத்தது 36தானேப்பா, அதை எப்படிப் பிடுங்கலாம்?" என்று மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். 36 போட்டாலும் பிரென்ட்ஃபோர்ட் 39-ல் இருந்ததால் அதே 17-ஆம் இடம்தான், ஒன்றும் மாறாது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ 36-ன்னே எழுதலாம்ல?" என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை, கட்டம் காலியாக இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

பினாங்குக்காரன்

36 எழுதச் சொல்லுங்கள். அவள் சுவர், அவள் சார்ட்.

ராத்திரிமேட்ச்

36.

ஆஃப்சைடு அண்ணாச்சி

32.