வீரா டோர் டிரிம் துணி உரியுது, வீட்டுலேயே லெதர் மாத்த முடியுமா?

செந்தூல்_வீரா

2003 புரோட்டோன் வீரா கார். நாலு டோர் டிரிம்லயும் (கதவோட உள்பக்க மூடி) நடுவுல இருக்கிற துணி தொங்கிடுச்சு. தொட்டா உள்ளேயிருந்து மஞ்சள் தூளா கொட்டுது. முன் கதவு ரெண்டுலயும் கீழ்ப்பக்கம் அட்டைப்பலகை ஊதிப்போய் கிளிப் பிடிக்கல, கதவ சாத்தினா கடகடன்னு சத்தம். இடது முன் கதவு ஏற்கனவே செருப்பு கம் போட்டு ஒட்டினது, அதுவும் உரிஞ்சிடுச்சு. குஷன் கடையில நாலு கதவுக்கு 480 வெள்ளி (ரிங்கிட்) கேக்கறாங்க. நடுத் துணி மட்டும் மாத்தினா போதுமா, முழு டிரிம்மும் சுத்தணுமா? லெதர் எத்தனை மீட்டர், எந்த கம்? தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

குஷன்கத்தி

மஞ்சள் தூள்னா துணிக்குப் பின்னால இருந்த ஸ்பாஞ்ச் செத்துப்போச்சு தம்பி. துணிமேல குத்தமில்ல. சூடும் ஈரமும் சேர்ந்து அந்த ஸ்பாஞ்சை 15, 20 வருஷத்துல மாவாக்கிடும். மாவுமேல எந்த கம் போட்டாலும் மாவோட சேர்ந்து உரிஞ்சு வரும். இடது கதவுல நடந்தது பாதி இதுதான், மீதி செருப்பு கம்.

செருப்பு கம் மாதிரி சாதாரண மஞ்சள் கம் பிவிசி லெதருக்கு (பிளாஸ்டிக்ல செஞ்ச செயற்கைத் தோல், வினைல்னும் சொல்வாங்க) ஆகாது. பிவிசியை மிருதுவா வைக்க ஒரு எண்ணெய் கலந்திருப்பாங்க. வெயில்ல அது மெல்ல வெளிய வந்து கம்மைக் கரைச்சு பிசுபிசுன்னு ஆக்கிடும். நம்ம ஊர் வெயில்ல நிறுத்தின காருக்குள்ள காத்தே 60 டிகிரியைத் தொடும். அதனால டப்பாவுல ரெண்டு விஷயம் பாருங்க: வினைல் அல்லது பிவிசிக்கு ஆகும்னு எழுதியிருக்கணும், தாங்கும் சூடு 70 டிகிரிக்குக் குறையக்கூடாது. இது ரெண்டும் எழுதாத டப்பா மலிவா கிடைச்சாலும் வேண்டாம். லெதர்ல மிச்சம் பிடிக்கலாம், கம்முல கூடாது.

உங்க கேஸுக்கு நடுப்பகுதி மட்டும் போதும். சுத்தியிருக்கிற வினைல் வெடிக்கலன்னா அதைத் தொடாதீங்க, கம்பெனி ஒட்டின மாதிரி நம்மால மூலை எடுக்க முடியாது. நடுவுக்கு மட்டும்னா 1 மீட்டர் தாராளம், கம் அரை லிட்டர். முழுசா சுத்தணும்னா கணக்கு வேற. லெதர் உருளை அகலம் 137 செ.மீ. முன் டிரிம் சுமாரா 95க்கு 58, சுத்திலும் 5 செ.மீ. மடிப்பு விட்டா 105க்கு 68. பக்கத்துல பக்கத்துல ரெண்டு வச்சா 136, உருளைக்குள்ள ஒட்டி ஒட்டி அடங்கும். முன் ஜோடிக்கு 1.05 மீட்டர், பின் ஜோடிக்கு 90 செ.மீ. போல, தப்பு வெட்டுக்கும் சேர்த்து 2.5 மீட்டர். முதல்ல உங்க டிரிம்மை அளந்துக்குங்க. நாலு துண்டும் ஒரே திசையில வெட்டணும், ஒன்னைத் திருப்பிட்டா வெயில்ல நிறம் வேற மாதிரி தெரியும். கனம் 1 மி.மீ., பின்பக்கம் பின்னல் துணி இருக்கிறதா கேளுங்க. நெய்த துணி ஒட்டினது இழுபடாது, பள்ளத்துல கூடாரம் மாதிரி நிக்கும்.

கழட்டும்போது ஸ்க்ரூ இருக்கிற இடம்: கைப்பிடிக்குள்ள, ஆர்ம்ரெஸ்ட் அடியில, கதவு திறக்கிற கொக்கிக்குப் பின்னால, கண்ணாடி மூலையில இருக்கிற முக்கோண மூடி. கையால சுத்துற ஜன்னல்னா கைப்பிடிக்கும் டிரிம்முக்கும் நடுவுல ஒரு துணியை விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தா உள்ளே இருக்கிற கம்பி கிளிப் வெளிய வரும். பறந்து போகும், கண்ணு வச்சுக்குங்க. அப்புறம் பிளாஸ்டிக் நெம்பியை கிளிப்புக்குப் பக்கத்துலேயே விட்டு நெம்பணும். நடுவுல நெம்பினா அட்டை கிழிஞ்சு கிளிப் கதவுலேயே தங்கிடும். எல்லாம் விட்டதும் டிரிம்மை மேல தூக்கினா வந்துடும். பவர் விண்டோ வயர் இருக்கும், இழுக்காதீங்க.

நடுத்துண்டு பின்னால பிளாஸ்டிக் காம்பை உருக்கிப் பிடிச்சிருந்தா, தலையை மட்டும் உளியால சீவுங்க, காம்பு நீளம் மிச்சம் இருக்கணும். திரும்ப மாட்டும்போது வாஷர் போட்டு சால்டரிங் இரும்பால உருக்கலாம்.

பழைய தூளை நைலான் பிரஷ்ஷால தேய்ச்சு, ஆல்கஹால்ல துடைங்க. தின்னர் வேண்டாம், ஏபிஎஸ் பிளாஸ்டிக் கரையும். புது ஸ்பாஞ்ச் 3 மி.மீ. போதும். 5 போட்டா கைப்பிடி மூடி உட்காராது. ஸ்பாஞ்சை ஓரத்துக்கு 1 செ.மீ. முன்னாலேயே நிறுத்துங்க, மடிப்புல கனம் ஏறாது. ஸ்பாஞ்சுக்கு ஸ்ப்ரே கம்தான். பிரஷ்ல அடிச்சா ஸ்பாஞ்ச் குடிச்சு, காஞ்சதும் மேல கட்டி கட்டியா தெரியும்.

ஒட்டும்போது பள்ளத்துல ஆரம்பிச்சு வெளிய தள்ளிக்கிட்டு வரணும். ஓரத்தை முதல்ல இழுத்து ஒட்டினவங்களுக்குத்தான் ஒரு மாசத்துல பள்ளம் தூக்கும். லெதரை இளக்க ஹீட் கன் (சூடான காத்து அடிக்கிற கருவி) காட்டும்போது ஒரே இடத்துல நிறுத்தாதீங்க, தோல் வரி அழிஞ்சு பளபளன்னு ஆயிட்டா அதைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. ஒட்டினப்புறம் மடிப்பு 2 செ.மீ. விட்டு மிச்சத்தை வெட்டிடுங்க. வெளி வளைவுல கத்தரிக்கோலால முக்கோணமா எடுங்க, உள் வளைவுல கோடா கீறுங்க, ரெண்டும் ஓரத்துக்கு 3 மி.மீ. முன்னாலேயே நிக்கணும். அட்டைக்கு ஸ்டேப்ளர் அடிச்சா 4 மி.மீ. பின் மட்டும். 6 போட்டா முன்பக்கம் எட்டிப் பார்க்கும்.

பட்டர்வொர்த்_பாகன்

அண்ணன் ஒட்டுற கதையை முடிச்சிட்டார், அட்டை ஏன் ஊதுச்சுன்னு சொல்லல. அதைச் சரி பண்ணாம லெதர் போட்டா ரெண்டு மழைக்காலம்தான்.

ஜன்னல் ரப்பர் வழியா கதவுக்குள்ள தண்ணி போறது இயல்பு. உள்ளே வழிஞ்சு கீழே இருக்கிற ஓட்டையில வெளிய போகணும். கதவு இரும்புக்கும் டிரிம்முக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்குமே, தண்ணி அட்டைப் பக்கம் வராம தடுக்கிறது அதுதான். பாதி கார்ல ஸ்பீக்கர் மாட்டினவன் அதைக் கிழிச்சு விட்டிருப்பான். மீதி கார்ல தாளை ஒட்டியிருக்கிற கறுப்பு பியூட்டைல் (ரப்பர் பசை) காஞ்சு விட்டிருக்கும்.

டிரிம்மைக் கழட்டினதும் கதவு அடி ஓட்டையில கம்பி விட்டு அழுக்கைக் குத்துங்க. கிழிஞ்ச தாளைத் தூக்கிப் போட்டுட்டு தடித்த பாலிதீன், 0.15 மி.மீ. போல, பழையதை வச்சு வரைஞ்சு வெட்டுங்க. பியூட்டைல் டேப் சுத்திலும் விடாம ஓடணும். தாளோட அடி ஓரம் கதவு இரும்புக்கு உள்ளே தொங்கணும், வெளிய தொங்கக்கூடாது. தாள் மேல வழியுற தண்ணி அப்பத்தான் திரும்ப கதவுக்குள்ள சொட்டும். இதை மாத்திப் போட்டா தாள் இருந்தும் பிரயோஜனம் இல்ல. டிரிம் மாட்டும் முன்னாடி கண்ணாடிமேல ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாருங்க, தாளுக்கு இந்தப் பக்கம் ஈரம் இருக்கக்கூடாது.

ஊதின அட்டை: கொஞ்சமா ஊதியிருந்தா நல்லா காயவச்சு, மர கம்மை (மரம் ஒட்டுற வெள்ளை கம்) தண்ணி கலந்து உறிஞ்சவிட்டு, ரெண்டு பலகை நடுவுல கிளாம்ப் போட்டு ஒரு நாள் வைங்க. கம் பலகையில ஒட்டாம நடுவுல பிளாஸ்டிக் போடணும். கிளிப் ஓட்டை உதிர்ந்திருந்தா அதைக் காப்பாத்த முடியாது, 3 மி.மீ. ஹார்ட்போர்டுல புதுசா வெட்டிக்குங்க. கிளிப் ஓட்டை சாவித்துவாரம் மாதிரி இருக்கும், அதே வடிவம் வேணும், வெறும் வட்டம் போட்டா கிளிப் ஆடும். வெட்டின ஓரத்துக்கெல்லாம் வார்னிஷ் அடிங்க, தண்ணியை அட்டை அங்கிருந்துதான் குடிக்கும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீங்க, சூட்டுல பிஸ்கட் மாதிரி ஆயிருக்கும். ஒன்னை மாதிரிக்குக் கையில கொண்டுபோய் 40 வாங்குங்க.

இல்ல, அட்டை மொத்தமும் போச்சுன்னா ஹாஃப்கட் கடையில (பழைய கார் பாகம் விக்கிற கடை) டிரிம் தேடுங்க. துணி கெட்டிருந்தாலும் அடி மட்டும் நல்லா இருந்தா போதும்.

பிரிக்பீல்ட்ஸ்88

ஒன்னு மட்டும் சேர்க்கறேன். மழை வர நேரத்துல கம் அடிக்காதீங்க. கம்முல இருக்கிற திரவம் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் அதுமேல பனி மாதிரி படியும். கம் வெள்ளையா மங்கினா அதுதான். பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், அடுத்த வெயில்ல உரியும். கேஎல்ல (கோலாலம்பூர்) சாயந்திர மழை எப்படின்னு சொல்லவா வேணும்? வெயில் ஏறினதும் ஆரம்பிச்சு மதியத்துக்குள்ள முடிங்க. ரெண்டு பக்கமும் அடிச்சு, விரல் முட்டியில தொட்டா ஒட்டாத பதம் வந்தப்புறம்தான் சேர்க்கணும். ஈரமா சேர்த்தா திரவம் உள்ளேயே மாட்டி குமிழ் கிளப்பும். வெட்டவெளியில செய்யுங்க, பக்கத்துல சிகரெட்டு, அடுப்பு எதுவும் கூடாது.

செந்தூல்_வீரா

ரொம்ப நன்றிண்ணே. இடது கதவுல பழைய செருப்பு கம் பிசினா நிக்குது, அதுக்கு என்ன? இன்னொன்னு, வீட்டுல பெரோடுவா மைவி கார் ஒன்னு இருக்கு, டிரிம் முழுக்க கெட்டி பிளாஸ்டிக். அதுக்கும் இதே முறைதானா?

குஷன்கத்தி

பிசினைக் கரைக்க நினைக்காதீங்க, பரவும். ஹீட் கன்னை லேசா காட்டி பிளாஸ்டிக் சுரண்டியால உருட்டி எடுங்க. மிச்சத்தை 120 நம்பர் மணல்தாளால தேயுங்க. அது நேரா அட்டைமேல ஊறியிருந்தா மேல் தோலோட உரிஞ்சு வரும், அந்த இடத்துல மர கம் பூசி காயவச்சுட்டுத் தொடருங்க.

பிளாஸ்டிக் டிரிம்முக்கு முறை வேற. பின்பக்கம் திருப்பிப் பாருங்க, என்ன பிளாஸ்டிக்னு எழுத்து அச்சடிச்சிருக்கும். ஏபிஎஸ்னா மணல்தாள் போட்டு ஆல்கஹால்ல துடைச்சா கம் பிடிக்கும். பிபின்னா (பாலிப்ரொப்பிலீன்) எந்த கம்மும் நேரா நிக்காது, பம்பர் பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமர் முதல்ல வேணும். ஸ்டேப்ளர் அடிக்க வழியில்ல, மடிப்பும் கம்முலதான் நிக்கணும், அதனால மடிப்பை 2.5 செ.மீ. ஆக்குங்க. மேல ஜன்னல் ரப்பர் உட்காரும் விளிம்புல ஸ்பாஞ்ச் போடாதீங்க, டிரிம் கொக்கி ஏறாது.

பட்டர்வொர்த்_பாகன்

மைவியோ வேற எதுவோ, ஏர்பேக் இருக்கிற கார்னா பேட்டரி நெகடிவைக் கழட்டி கொஞ்ச நேரம் விட்டுத்தான் கதவு வயரைத் தொடணும். சில புது கார்ல பக்கவாட்டு மோதலைக் கதவுக்குள்ள இருக்கிற காத்தழுத்த சென்சார்தான் பார்க்கும். அந்த மாதிரி கார்ல உள் தாளைக் கிழிச்சு விட்டா ஈரப் பிரச்சினையோட போகாது, சென்சாருக்கு அழுத்தம் சரியா கிடைக்காது. எடுத்த தாளை அப்படியே முழுசா ஒட்டித்தான் மூடணும். வீராவுக்கு இந்த சென்சார் கவலை இல்ல, தாளையும் ஓட்டையையும் பார்த்துக்குங்க.