கொடும்பாளூர் இருக்குவேளிர் வம்சாவளி: பூதி ஒருவரா, இருவரா?

கொடும்பாளூர் மூவர்கோயில் நடுவிமானச் சுவரிலுள்ள கிரந்த எழுத்துச் சமஸ்கிருதக் கல்வெட்டை அடிப்படையாக வைத்து, அவ்வூரை ஆண்ட சிற்றரசர்களான இருக்குவேளிரின் வம்சாவளி தயாரிக்கிறேன். கடைசி மூன்று தலைமுறையில் சிக்கல்.

கல்வெட்டின் தொடக்கம் சிதைந்துள்ளது, ஆட்சியாண்டும் இல்லை. வரிசை தெளிவு: வாதாபியை வென்ற பரதுர்க்கமர்த்தனன், மகன் சமராபிராமன் (மனைவி சோழ இளவரசி அனுபமா), இவர்கள் மகன் பூதி விக்கிரமகேசரி. பூதிக்குக் கற்றளி, வரகுணா என இரு மனைவியர். கற்றளியின் பிள்ளைகள் பராந்தகன், ஆதித்தவர்மன்.

முயன்றவை:

வாதாபி வெற்றியை 642-ஆம் ஆண்டுப் பல்லவர் படையெடுப்பாகக் கொண்டேன். பேரன் பூதி 700-ஐ ஒட்டி வந்து நிற்கிறார். அப்போது பிற்காலச் சோழ மரபைத் தொடங்கிய விசயாலயனே இல்லை, ஒத்துவரவில்லை.

பூதி வென்றதாகக் கல்வெட்டு சொல்லும் வீரபாண்டியனை, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் தலைகொண்ட பாண்டியனாக எடுத்தால் காலம் 960-களுக்கு நகர்கிறது. ஆனால் அதே கல்வெட்டு பல்லவப் படையின் குருதியால் காவிரி சிவந்தது என்கிறது. அப்போது காவிரிக்கரைக்கு வர எந்தப் பல்லவர் மிச்சம்?

அந்தநல்லூர்க் கற்கோயிலை எடுப்பித்தவன் செம்பியன் இருக்குவேள் பூதி பராந்தகன், சோழன் முதலாம் பராந்தகன் (907–955) காலம். திருச்செந்துறைக் கல்வெட்டில் வருபவள், முதலாம் பராந்தகனின் மகன் அரிகுலகேசரியின் தேவி பூதி ஆதித்த பிடாரி. அவள் தந்தை தென்னவன் இளங்கோவேள் மறவன் பூதி. இது 960-களுக்கு முந்தைய காலத்துக்கே பொருந்துகிறது, வீரபாண்டியன்தான் இடிக்கிறான். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கத்தால் பூதி இருவராகவும் இருக்கலாம். அரசன் பெயர் இல்லாமல் ‘இராசகேசரி’ என்ற சோழர் பட்டம் மட்டும் உள்ள கல்வெட்டுகளைச் சேர்க்கவில்லை. அது ஆதித்தனா, கண்டராதித்தனா, சுந்தர சோழனா என்று அந்தப் பட்டத்தால் மட்டும் பிரிக்க முடியாது.

கற்றளி அல்லது வரகுணாவைப் பூதியின் மனைவி என்று சொல்லி, அரசன் இன்னாரெனத் தெளிவாகத் தெரியும் ஆட்சியாண்டும் கொண்ட தமிழ்க் கல்வெட்டு எந்தக் கோயிலில் இருக்கிறது?