காய்ந்த புல்லில் சினை மாடுகள்: உங்களை உறுத்தும் அனுபவம் எது?

நெப்ராஸ்காவில் படித்தவர்

ஜனவரியில் நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் புல்வெளியான சாண்ட்ஹில்ஸில் புல் எப்படியிருக்கும் என்று இங்கே பலருக்கும் தெரியும். முழங்கால் உயரம் நிற்கும், புரதமோ 5, 6 விழுக்காட்டைத் தாண்டாது. பயிற்சிக்காகப் பண்ணையில் தங்கியிருந்த எனக்கு, 32 விழுக்காடு புரதமுள்ள தீவனக் கட்டிகளை வாரம் மூன்று முறை இறைக்கும் பொறுப்பு. வண்டியின் சங்கொலி கேட்டதுமே மாடுகள் மேட்டிலிருந்து ஓடிவரும். தலைச்சினைக் கிடாரி ஒன்று மட்டும் தள்ளியே நின்று, மற்றவை தின்று முடித்த பிறகு வந்து, வெறும் பனியை நக்கிவிட்டுத் திரும்பும். அதற்குப் பசியில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஒருநாள் அது நின்ற இடத்தில் கிடந்த சாணத்தைக் காலால் புரட்டினேன். வில்லை வில்லையாக அடுக்கியதுபோல் இறுகியிருந்தது, உடைத்தால் உள்ளே செரிக்காத நார். புரதம் போதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். மார்ச்சில் ஈன்றபோது மடியில் சீம்பால் போதவில்லை. கன்றை நாங்கள்தான் புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்க வைத்தோம்.

வடக்குக் குவீன்ஸ்லாந்திலிருந்து

எங்கள் பக்கம் பனி கிடையாது; குளிர்காலம் என்றால் மழையற்ற மாதங்கள், ஆகவே உப்போடு யூரியா கலந்த நக்குத் தீவனம் வைப்போம். ஒருமுறை பருவம் தப்பிப் பெய்த மழை அந்தத் தீவனத் தொட்டியில் தேங்கி, யூரியா அதில் கரைந்துவிட்டது. மறுநாள் காலை நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மாடுகள் அந்த நீரைக் குடித்துவிட்டு, வாயில் நுரை தள்ள, உடல் நடுங்கிக் கிடந்தன. வினிகரையும் குளிர்ந்த நீரையும் புகட்டினோம். ஒன்று எழுந்தது, நிறைசினையாக இருந்தது எழவேயில்லை. தொட்டியின் அடியில் நீர் வடியத் துளையிட்டிருக்க வேண்டும், நான் இடவில்லை.

மொன்டானா பண்ணைத் தொழிலாளி

முதலில் எழுதியவர் தம் கணிப்பையே குறைகூறுகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிடாரிகளை மூத்த மாடுகளோடு சேர்த்து விட்டதுதான் தவறு. நானும் ஒரு குளிர்காலத்தில் புரதத்துக்குப் பதிலாக மக்காச்சோளத்தைக் கொட்டி, மாடுகள் மெலிவதைப் பார்த்து நின்றவன்தான். மாவுச்சத்து மிகுந்தால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும். அவற்றுக்குத் தேவை புரதத்திலுள்ள நைட்ரஜன், அது கிடைத்தால்தான் மாடு காய்ந்த புல்லையே கூடுதலாகத் தின்னும். வாரம் மூன்று முறை இட்டதில் குற்றமில்லை. புரதத்திலிருந்து மாட்டின் உடலுக்குள் உருவாகும் யூரியா எச்சில் வழியாக மீண்டும் இரைப்பைக்குத் திரும்புவதால் இடைப்பட்ட நாள்களைச் சமாளித்துவிடும். ஆனால் கட்டிகளை ஒரே குவியலாகப் போடாமல், கடைசி மாட்டுக்கும் இடமிருக்குமாறு நீளமாக இறைக்க வேண்டும். கன்று பிரிக்கும் இலையுதிர் காலத்திலேயே விலாவையும் வால் அடியையும் தடவிப் பார்த்து உடல்நிலைக்கு மதிப்பெண் இடுங்கள். ஒன்பதுக்கு, ஈனும்போது மூத்த மாட்டுக்கு 5, கிடாரிக்கு 6 இருக்க வேண்டும். ஈற்று நெருங்கிய பிறகு தேற்றுவது கடினம், செலவும் கூடும்.

நெப்ராஸ்காவில் படித்தவர்

நீளமாகத்தான் இறைத்தோம். பிரித்து மேய்க்க அங்கே தனி வேலி இல்லை. அடுத்த பருவத்தில் அந்தக் கிடாரி சினை பிடிக்காததால் விற்றுவிட்டதாக உரிமையாளர் கடிதம் எழுதினார். அதைப் படித்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.