பதில்: பாரிஸ்டர், சொலிசிட்டர் – தமிழில் எப்படி?

> பாரிஸ்டர் = வழக்குரைஞர், சொலிசிட்டர் = சட்ட ஆலோசகர். சரிதானே தம்பி?

வணக்கம் அண்ணே,

இங்கிலாந்தில் வக்கீல்கள் பாரிஸ்டர், சொலிசிட்டர் என்று இரண்டு வகை; அவர்களுக்கு நீங்கள் சொன்ன இரண்டு சொல்லுமே இடிக்கிறது. வழக்குரைஞர் அழகான சொல்தான்; கண்ணகி நம் மதுரையில் நியாயம் கேட்ட பகுதிக்கே வழக்குரை காதை என்றுதான் பெயர். (அந்தம்மாவுக்கு ரெண்டு பேருமே தேவைப்படவில்லை.) ஆனால் 1961 வழக்கறிஞர்கள் சட்டத்துக்குப் பிறகு இங்கே எல்லாரும் அட்வகேட்தான், வழக்குரைஞர் என்ற சொல்லும் அவர்களுக்கே நிலைத்துவிட்டது. சட்ட ஆலோசகர் என்றாலோ, வீட்டுக்கடனுக்குப் பத்திரம் பார்த்து பேங்குக்கு ஒப்பீனியன் கொடுப்பவர்தான் நினைவுக்கு வருவார்.

இங்கிலாந்து முறையை நம் ஊர்க்காரருக்குப் புரியவைக்க எனக்கு மதுரை ஒத்தக்கடை பக்கம் உள்ள ஐகோர்ட் கிளைதான் கைகொடுக்கும். அங்கே சீனியர் அட்வகேட் என்று கோர்ட் பட்டம் கொடுத்தவர் வக்காலத்து போட முடியாது, கட்சிக்காரரிடம் நேரே கேஸ் வாங்கவும் முடியாது. வேறொரு வக்கீல் கேஸ் கட்டைத் தயார் செய்து கொடுக்க, இவர் எழுந்து வாதாடுவார். பாரிஸ்டர் ஏறக்குறைய அப்படி. கட்டு தயார் செய்பவர் சொலிசிட்டர். ஆனால் அவருக்கு அதோடு வேலை முடியாது; உயில், வீட்டுக் கிரயம் எல்லாம் அவர்தான். கோர்ட்டுக்கே போகாத வேலை பாதி இருப்பதால் ‘வழக்கு’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் அவருக்குப் பொருந்தாது. முன்பு ஒருவர் சொன்ன ‘வழக்கு நடத்துநர்’ வேண்டவே வேண்டாம், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதுகிறவர் மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை: பாரிஸ்டருக்கு மன்றுரைஞர், சொலிசிட்டருக்குச் சட்டப்பணியர். சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று ஏற்கெனவே புழங்குவதால் காதுக்குப் புதிதாக இருக்காது. இன்னொரு வசதியும் உண்டு. இங்கிலாந்தில் 1990இல் வந்த சட்டத்தால், தனித் தகுதி பெற்ற சொலிசிட்டர்கள் அங்கே மேல் கோர்ட்டுகளிலும் வாதாடலாம். அவர்களை மன்றுரைச் சட்டப்பணியர் என்று சொல்லிவிடலாம், புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

பழைய ஆட்களுக்குப் பட்டப்பெயரை மாற்றாதீர்கள். பாரிஸ்டர்களை உருவாக்கும் லண்டன் மிடில் டெம்பிளில் படித்துவந்து மதுரையில் தொழில் பார்த்த, ஊர்க்காரர்கள் ரோசாப்பூ துரை என்று அழைத்தவர் என்றைக்கும் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்தான். மன்றுரைஞர் என்று எழுதினால் யாரோ வேற்றாள் போலிருக்கும்.

அப்புறம், மத்திய அரசுக்காக வாதாடும் நம் சொலிசிட்டர் ஜெனரலை இதில் இழுக்க வேண்டாம். பெயர்தான் அப்படி, மனுஷர் உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடுகிறவர். தலைமைச் சட்டப்பணியர் என்று யாராவது பெயர்த்தால் அது தப்பு.