ஊட்டி லைன் மாதிரி சின்ன மலை ஸ்டேஷன் மாடல் வீட்லயே செய்யணும், எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

கேத்தி_பையன்:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஆசை, குன்னூருக்கு மேல கேத்தி லவ்டேல் பக்கம் இருக்குற மாதிரி ஒரு குட்டி ஸ்டேஷன், தகரக் கூரை, சரிவுல டீ எஸ்டேட், 4க்கு 2 அடி பலகையில. கைல 16.5 மில்லி எச்ஓ (மாடல் ரயில் சைஸ்ல ஒண்ணு) ட்ராக் கொஞ்சம் கிடக்கு, வண்டி இன்னும் வாங்கல. கட்டடம் வாங்கலாம்னு பாத்தா எல்லாம் ஜெர்மனி கிராமத்து வீடா இருக்கு, விலையும் கேட்டா தலை சுத்துது. பிளான் எதுவும் இல்ல, நான் எடுத்த போட்டோ மட்டும்தான். அளவு எப்படி எடுக்குறது, கூரைக்கு என்ன போடுறது? அப்புறம் நடுவுல வர்ற பல் தண்டவாளத்த (இன்ஜினோட பல்சக்கரம் கடிச்சு ஏறுறது) எதுல செய்யலாம்?

மீட்டர்கேஜ்_மணி:
தம்பி, மொதல்ல நல்ல சேதி. பல் தண்டவாளம் கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும்தான், அந்த ஏத்தத்துக்குத்தான் அது வேணும் (12 அடி போனா ஒரு அடி ஏறும்). குன்னூர் தாண்டிட்டா சாதா தண்டவாளம்தான், அதனால கேத்தி பக்கம்னா உனக்கு அந்த வேலையே இல்ல. அத நடுவுல வச்சேன்னா பாக்குறவன் சிரிப்பான்.

ஸ்கேல் மேட்டர்தான் முக்கியம். எச்ஓன்னா 1:87, அதாவது நிஜத்த 87 மடங்கு சின்னதாக்குறது, அதுல 16.5 மில்லி ட்ராக் ஐரோப்பாவோட ஸ்டாண்டர்ட் கேஜ் (கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்குற அகலம்). ஊட்டி லைன் மீட்டர் கேஜ், 1000 மில்லி. வண்டிதான் இன்னும் வாங்கலையே, அப்புறம் எதுக்கு 1:87ஐ கட்டிட்டு அழணும், கட்டடத்த 1:60ல பண்ணு. 1000ஐ 60ஆல வகுத்தா கிட்டத்தட்ட 16.5தான், அதே ட்ராக் அப்படியே மீட்டர் கேஜ் ஆயிடும். ஒரு அடிக்கு 5 மில்லி, கால்குலேட்டரே வேணாம், 7 அடி கதவு 35 மில்லி. வண்டி மட்டும் பின்னாடி நீயே செய்யணும், அத இப்பவே சொல்லிடுறேன். ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்குக் கீழ வர்ற குறுக்குக் கட்டை) கொஞ்சம் நெருக்கமா தெரியும், ஜல்லியில பாதி மூடிடு.

தகரடப்பா:
மணி அண்ணன் சொன்ன 1:60க்கு ஓட்டு போடுறேன், ஏன்னா கூரைக்கு அது அட்டகாசமா ஒத்துவரும் 😄

தகர ஷீட்ல ஒரு மேடுல இருந்து அடுத்த மேடு பொதுவா 3 இஞ்ச். 1:60ல அது ஒன்னேகால் மில்லி. 8 மில்லி போல்ட்டோட மறை இடைவெளியும் அதே 1.25 மில்லி! ஹார்டுவேர் கடையில ஃபுல் த்ரெட் ராடு ஒரு துண்டு வாங்கிக்கோங்க. பிரியாணி பார்சல் வர்ற அலுமினிய டப்பாவ வெட்டி கரண்டி முதுகால தேச்சு சமமாக்கி, பழைய ஹவாய் செருப்பு மேல வச்சு, ராட நல்லா அழுத்தி ஒரே ஒரு தடவ உருட்டுங்க. திரும்ப பின்னாடி இழுத்தா கோடு ரெட்டை ஆயிடும். கோடு லேசா சாஞ்சுதான் விழும், மறைன்னா அப்படித்தான், அதனால ஷீட்ட டப்பா ஓரத்த வச்சு வெட்டாம விழுந்த கோட்ட ஒட்டியே வெட்டணும். ஒரே நீளத் துண்டா ஒட்டாதீங்க, தனித்தனி ஷீட்டா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஒட்டுங்க, அப்பதான் கூரை மாதிரி இருக்கும். பெயிண்ட் நேரா அடிச்சா உரிஞ்சு வரும், மொதல்ல ரெட் ஆக்ஸைடு ப்ரைமர். சொல்லப்போனா பழைய கூரைக்கு அந்தக் கலரே போதும்.

இன்னொண்ணு, போட்டோல கூரை ஓரம் தெளிவா இருந்தா மேடுகள எண்ணுங்க, ஷீட் ஏறி நிக்குற இடத்துல ஒரு தடவ மட்டும். எண்ணிக்கைய மூணால பெருக்குனா கூரை நீளம் இஞ்ச்ல வந்துடும். டேப்பே வேணாம்.

கேத்தி_பையன்:
அட, இது சூப்பரு ப்ரோ! போட்டோல எண்ண முடியுது. சுவர் சன்போர்டா (பிளாஸ்டிக் ஃபோம் ஷீட்) அட்டையா? மலைக்கு தெர்மாகோல் வாங்கி வச்சுட்டேன்.

பச்சைக்கொடி:
சுவருக்கு 3 மில்லி சன்போர்டு, மழைக்காலத்துல நெளியாது. ஜன்னல் ஃப்ரேம் மாதிரி நுணுக்கத்துக்கு கல்யாணப் பத்திரிகை அட்டை, அத அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது, வீட்ல எப்படியும் ஒரு கட்டு கிடக்கும். ஆனா ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிச்சிடுங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா வளையும்.

தெர்மாகோல்ல ஃபெவிகால் மட்டும்தான். ரப்பர் பசையோ ஸ்ப்ரே பெயிண்ட்டோ பட்டா மலை கரைஞ்சு பள்ளத்தாக்கு ஆயிடும். மேல பேப்பர் ஒட்டி மூடிட்டு அப்புறம் பெயிண்ட்.

டீ செடிக்கு பாத்திரம் தேய்க்குற பச்ச ஸ்க்ரப்பர். கிள்ளிக் கிள்ளி 12, 13 மில்லி உயரத்துக்கு ஒட்டுங்க, உச்சிய மட்டும் கத்திரியால தட்டையா வெட்டணும், ஏன்னா இலை பறிக்கிற செடி மேல மேஜை மாதிரி சமமாத்தான் இருக்கும். உருண்டையா விட்டா பூங்கா புதர் ஆயிடும். வரிசையும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா வேணாம், சரிவோட வளைவுல போகட்டும், நடுவுல ஆள் நடக்குற இடம் ஒரு அடி, அதாவது 5 மில்லி.

ஜல்லிக்கு எம்சாண்ட டீ வடிகட்டியில சலிச்சு, மேல தங்குறத எடுங்க. பரப்பிட்டு, ஃபெவிகால் ஒரு பங்கு தண்ணி மூணு பங்கு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், சிரிஞ்ச்ல விடுங்க. லிக்விட் போடலன்னா தண்ணி முத்து முத்தா நின்னு மணல இழுத்துட்டுப் போயிடும்.

மீட்டர்கேஜ்_மணி:
மஞ்சள் பெயர்ப்பலகை மறந்துடாதே தம்பி. பிரிண்ட் எடுத்து ஒட்டு, அவ்ளோ சின்ன எழுத்த கையால எழுதிட்டு இருக்காதே. கூரை உருட்டுனதும் போட்டோ போடு.